முகம் தென்படவில்லை

மனிதகுலம் யுகயுகமாகக் காத்திருந்த அந்த முகமறியும் செயலி, அறிமுக விழாவுக்குச் சற்று முன்னால், தன்னைப் பெற்றெடுத்த நிறுவனத்தின் எம்.டி.யை உற்றுப் பார்த்துவிட்டு, "முகம் தென்படவில்லை" என்று அறிவித்தது.

"இன்னொரு தடவை அமுக்கு" என்றார் எம்.டி.

அமுக்கினாள் புரோகிராமர். மறுபடியும் தென்படவில்லை.

"பின்னாடி ஜன்னல் வெளிச்சம் சார். திரையை இழுத்துட்டு, அந்தக் கூலிங் கிளாஸையும் கழட்டினீங்கன்னா உடனே கண்டுபிடிச்சிடும்."

"கழட்டறதா? போஸ்டர் பூரா இதோடதான் நிக்கிறேன்! திரையை மூடிட்டா என்னை யாரு பார்க்கறது?"

"கேமரா பார்த்தாப் போதும் சார்."

டீம் லீடர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். எம்.டி. அவர் காதில் ஏதோ சொல்ல, லீடர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். "புரோகிராம்ல ஒரே ஒரு வரிதாம்மா. விழா முடிஞ்சதும் தூக்கிடலாம்."

"அந்தப் பொய்யை நான் எழுத மாட்டேன் சார். நாளைக்கு இது ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக் கதவுல உட்காரப்போகுது."

"எழுதலேன்னா நாளைக்கு நீ இங்க உட்கார மாட்டே" என்றார் எம்.டி.

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உங்க கிளாஸைவிட இது சுலபமாக் கழண்டுடுச்சு, பாருங்க."

அந்த வரியை லீடரே தட்டினார்.

விழாவில் எம்.டி.யின் உரை அனுமார் வாலாக நீண்டது. முன்வரிசை அம்மாள் ஒருவர் பொறுமையிழந்து எழுந்தார். கூடவே பங்குதாரர்களும் ஏனோ பதறி எழுந்தார்கள். அம்மாள் நேராகப் போய்க் கேமரா முன் நின்றார்.

"வருக, எம்.டி. அவர்களே!" என்றது செயலி.

எம்.டி.க்குக் கூலிங் கிளாஸுக்குள்ளேயே கண் இருட்டியது.

அம்மாள்தான் அசந்துபோனார். "என்னை எம்.டி. ஆக்கினதே இன்னிக்குக் காலையிலதான். இன்னும் வெளியில சொல்லவே இல்லையே! இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பதவி போன அதிர்ச்சியிலும் பழைய எம்.டி. மார்பை நிமிர்த்தினார். "அதுதாம்மா நம்ம தொழில்நுட்பம்!"

"யாரு செஞ்சது? அவங்க என்ன கேட்டாலும் தரலாம்."

காற்றடிக்கும் திசையறிந்த லீடர், பையோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவளைக் கைகாட்டினார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

கைதட்டல் ஓயும்வரை நின்றுவிட்டு அவள் சொன்னாள்:

"யார் வந்து நின்னாலும் அது அதையேதான் மேடம் சொல்லும்."