கண்ணுக்கு மறைந்தபின்

குவாண்டம் இயற்பியல் படிக்கச் சேருகிறவர்களுக்கு முதலில் ஒரு சிகிச்சை உண்டு. கண்ணுக்கு மறைந்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும் என்று, தவழும் வயதிலிருந்தே மூளையில் ஊறிப்போன நம்பிக்கையை எடுத்துவிடுவார்கள். அது இருக்கும்வரை அந்தப் பாடம் ஏறாதாம்.

இசக்கி அதைச் செய்துகொண்டு வந்த வாரம், அவள் கணவன் சுடலைமுத்து வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால், தொட்டிலில் குழந்தை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு, அவள் வழக்கமாகப் படிக்கும் நூலகத்துக்கு ஓடினான். இசக்கி அங்கே நிம்மதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய உள்ள போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கியேட்டி!"

குழந்தையைக் கண்டதும் பதறி எழுந்து வாங்கி அணைத்துக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது.

"தூங்குச்சு, கதவச் சாத்தினேன். அதுக்கப்புறம் பிள்ளை இருக்குன்னே எனக்குத் தோணலங்க."

"இந்தப் படிப்பே வேண்டாம், விட்டுரு."

"விட்டாலும் எடுத்தத திருப்பி வைக்க முடியாதாம்."

படிப்பைத் தொடர இசக்கி கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று, பேருந்து ஜன்னல் வழியே குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பேருந்து நகர்ந்தது. சுடலைமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையோடு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனான். அடுத்த சிக்னலில் ஜன்னலருகே அவள் முகம் தெரிந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாயெடுத்தவன், குழந்தையின் முகத்தைத் தோளோடு சாய்த்துக்கொண்டு, ஆட்டோவைத் திருப்பச் சொன்னான்.