தொடக்கூடாத அடுப்பு

"மெதுவா. மூச்சுக் காத்துகூடப் படக்கூடாது" என்றாள் கோட்டை இடிபாட்டைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவனிடம். அவள் கையில் பல் துலக்கும் பிரஷ். எதிரே, பாதி வெளியே வந்திருந்த ஒரு மண் அடுப்பு.

சமையல்காரி சாப்பாட்டு வாளியைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அடுப்பைப் பார்த்தார்கள்.

தீவுக்கு வருகிறவர்கள் பொதுவாக மணலில் படுத்துக் கிடப்பார்கள். இவர்கள் வேறு ரகம். லீவு போட்டு, சொந்தச் செலவில் கப்பலேறி, பழைய கோட்டையைக் காப்பாற்ற வந்தவர்கள். நல்ல பிள்ளைகள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

கோட்டைச் சுவரின் வளைவுகளை அடைத்துக் கிடந்த இடிபாட்டை ஒரு வாரமாக அள்ளுகிறார்கள். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை அந்த வளைவுகளுக்குள் குடும்பங்கள் இருந்தன. புராதனச் சின்னத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது என்று ஒருநாள் இயந்திரம் வந்தது. தட்டி, கூரை, தடுப்புச் சுவர் எல்லாவற்றையும் இடித்து, வளைவுகளுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போனது. மேலே செடி முளைத்தது.

வேலையைக் கவனித்துவந்த பொறியாளர் குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"ஆக்கிரமிப்புக்காரங்க போட்டதுன்னா இன்னிக்கே இடிச்சிடணும். கோட்டையோடதுன்னா சுத்திக் கயிறு கட்டிக் காப்பாத்தணும். எதுன்னுதான் பிடிபடல."

காவலுக்கு நின்ற கொழுந்தன் சமையல்காரி பக்கம் நகர்ந்து வந்தான்.

"அண்ணி, இப்படி முறைக்காதீங்க. மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க."

"என் மொகத்த எவன்டா பாக்கிறான்?"

அடுப்பு இடிபடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சார், இங்க பாருங்களேன்." அந்தப் பெண் பிரஷ் முனையால் காட்டினாள். அடுப்பின் பக்கவாட்டில், ஈர மண்ணைப் பூசி இழுத்த விரல்களின் தடம். "மூணு கோடுதான் இருக்கு. சுண்டுவிரலே இல்ல."

"ஒரு காலத்துல இந்தக் கோட்டை ஜெயில்மா."

"அப்போ வெட்டியிருக்காங்க. யாரோ ஒரு கைதி. வெட்டின கையோட தனக்குன்னு ஒரு அடுப்பு போட்டிருக்கான்."

அவள் கண் கலங்கிவிட்டது. சமையல்காரி அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். இயந்திரம் வந்த அன்று, குழந்தைகளையும் பாத்திரங்களையும் வெயிலில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றார்களே, அன்றைக்கு அவர்களுக்காக யாரும் சிந்தாத கண்ணீர்.

பொறியாளர் அவளிடம் திரும்பினார். "அக்கா, நீங்க இந்த ஊர்தானே? உள்ள இருந்தவங்க போட்ட அடுப்பா இது?"

உண்மை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் அடுப்பு இருக்காது.



"இல்லீங்க. உள்ள இருந்தவங்க கேஸ் அடுப்புதான் வச்சிருந்தாங்க" என்றாள். "இது அந்தக் காலத்துது. அந்தக் கைதிதான் போட்டிருப்பான். பாவம்."

கொழுந்தனுக்குப் புரையேறியது.

கயிறு கட்டினார்கள். கை தட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பசி வந்து, தட்டுகளோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு தட்டாகப் பரிமாறினாள். ஒரு வாரமாக அவள் கை போடுவதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

அடுப்பின் ஓரத்தில் ஒரு சில்லு மண் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிரஷ் பட்ட இடம். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, கயிற்றுக்கு மேலாகக் குனிந்து, பழைய பழக்கத்தில் அதை அழுத்தினாள்.

விரல்கள் தடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தன. மூன்றும்.

படகுக் கயிறு கொண்டுபோன சுண்டுவிரலின் இடம் மட்டும், அடுப்பிலும் கையிலும், வெறுமையாக இருந்தது.

"ஐயோ அக்கா, தொடாதீங்க." அந்தப் பெண் பதறி எழுந்தாள். அவள் பார்வை நேராக அந்தக் கையின் மேல்தான் இருந்தது. "ரொம்பப் பழசு. கண்டவங்க கை பட்டா போயிடும்."

சமையல்காரி கையை எடுத்தாள். இருந்த விரல்களை இறுக மடக்கினாள்.

அந்தப் பெண் சமாதானமாகச் சிரித்தாள். "பரவால்ல, விடுங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று, அந்தக் கையிடமே தட்டை நீட்டினாள்.