நாலு பேர் சாப்பிட்டார்கள்

"ஐ ஸ்கிப்ட் லஞ்ச்."

இஸ்திரி போடும் அண்ணன் எழுந்து நின்று இதைச் சொன்னதும், மற்ற நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிற லாண்டரி அது. அங்கே வேலை பார்க்கிற ஐந்து பேருக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்க வந்தவள் அவள். மதியச் சாப்பாட்டுப் பாடத்துக்கு மட்டும் ஒரு வாரம் செலவழித்திருக்கிறாள். சாப்பிட்டால் ஹேவ் லஞ்ச். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டால் கிராப் லஞ்ச். வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்தால் பேக்ட் லஞ்ச். கொஞ்சமாகக் கொறித்தால் லைட் லஞ்ச். சாப்பிடாமலே விட்டால் ஸ்கிப் லஞ்ச்.

"மத்தியானம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா, நடந்ததை நடந்தபடி சொல்லணும். அவ்வளவுதானே!"

நாலு பேர் ஒழுங்காகத்தான் சொல்வார்கள். தினமும் யாராவது ஒருத்தர் மட்டும் ஸ்கிப்ட். நேற்று மடிக்கிற அக்கா. முந்தாநாள் கறை எடுக்கிறவர். உடனே ஒரு சிரிப்பு வேறு.

"விளையாட்டா இருக்கா? நாளைக்கு மேனேஜர் வந்து கேள்வி கேட்பார். நீங்க சொதப்பினா என் வேலைக்கு வேட்டு. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு!"

"கோச்சுக்காதீங்க டீச்சர். சாப்பாடு ஆறுது பாருங்க" என்றார் மூட்டை இறக்குகிற மாமா.

மேஜையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டு. வேறொரு வகுப்பு முடித்து ஓடி வருகிறவள் அவள். முதல் நாள், "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். "எனக்கேது நேரம்?" என்றாள். மறுநாளிலிருந்து தட்டு வந்துவிட்டது. அவர்கள் போர்டைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அவளும் சாப்பிட்டு முடித்துவிடுவாள்.

கம்பெனி நல்ல கம்பெனிதான். சமையல்காரனைத்தான் அடிக்கடி மாற்றுகிறார்கள் போல. ஒரு நாள் உப்பு தூக்கல், மறுநாள் காரத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கேட்டார். நாலு பேர் கணீரென்று பதில் சொன்னார்கள். டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கடைசியாக, மெஷின் ஓட்டுகிற தங்கச்சி எழுந்தாள். வேண்டாம்டி என்று கண்ணாலேயே கெஞ்சினாள் டீச்சர்.

"ஐ ஸ்கிப்ட் லஞ்ச் டுடே, சார்."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர்.

டீச்சரின் பொறுமை அறுந்தே போயிற்று. "உடம்புக்கு ஒண்ணும் இல்லை சார். தின்னது செரிக்காம பண்ற கொழுப்பு! தினம் ஒருத்தர் இப்படித்தான் என் உயிரை வாங்கறாங்க. நீங்க எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு வச்சிருக்கீங்க, நான் இவங்களை வச்சு மாரடிக்கிறேன்!"

"ஏம்மா கத்தறீங்க? இங்கிலீஷ் நல்லாத்தானே பேசறாங்க. வகுப்பைத் தொடர்ந்து நடத்துங்க" என்றவர், சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். "அது சரி, நாங்க எங்கே உங்களுக்குச் சாப்பாடு போட்டோம்? ரூமும் போர்டும் மட்டும்தானே கொடுத்தோம்?"

டீச்சர் திரும்பினாள். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ... அந்தத் தட்டு?"

கடைசியில் தங்கச்சிதான் மெல்லச் சொன்னாள்.

"இன்னைக்கு என் முறை, டீச்சர். திங்கட்கிழமை மாமாவோடது."