நிதியைப் பிடித்தவள்

"சுடலைக்கே போகாத பொம்பிளையளுக்கு செத்தவீட்டு நிதியிலை என்ன கதை?"

இத்தாலியின் பலேர்மோ நகரத்துப் பல்லரோ சந்தையில், மீன்காரன் கத்துகிற கத்தலையும் மீறி நிதித் தலைவர் விக்னராஜா கேட்டார். கேட்டது குகனேஸ்வரியை. வேடிக்கை பார்த்து நின்றது பாதிப் பலேர்மோத் தமிழாக்கள்.

அவள் அப்படி என்ன பெரிய பாவம் செய்துவிட்டாள்? ஆயுள் காப்பு நிதியில் ஆம்பிளைகளை மட்டும்தான் சேர்ப்பீர்களோ, சின்யோரா எசமானிகளின் வீடு கூட்டித் துடைத்து உழைக்கிற எங்களையும் சேருங்கோ என்றாள். கொஞ்ச நாளாகப் பெண்களிடம் சொல்லித் திரிந்ததை இன்றைக்குத் தலைவரிடமே கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

"ஏன் அண்ணை, நாங்கள் சாகமாட்டமோ?"

"நீ கதைக்கிற கதைக்கு எமனே கிட்ட வரமாட்டான், போ!"

எல்லோரும் சிரித்தார்கள். குகனேஸ்வரிக்கு உச்சியில் ஏறியது.

"அப்ப சரி. வாற கூட்டத்திலை உங்கடை தலைவர் கதிரைக்கு நான் கேக்கிறன்."

"கேள், கேள். உன்ரை மனிசனே உனக்குக் கை உயர்த்தான்."

விக்னராஜா லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு காலத்தில் அங்கே ஊருக்கொரு நிதி. தீவுப்பக்கத்தாருக்கு ஒன்று, வடமராட்சியாருக்கு ஒன்று, மன்னார் கத்தோலிக்கருக்குக் கோயிலோடு ஒன்று. மாதாமாதம் கட்டுவார்கள். யாராவது கண்ணை மூடினால் பிரேதத்தை ஊருக்கு அனுப்பி, குடும்பத்துக்கும் ஒரு தொகை கொடுப்பார்கள்.

ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு சாவு விழ, தீவுப்பக்கத்தார் நிதி கையை விரித்துவிட்டது. இரண்டாவது வீட்டுக்காரி கைக்குழந்தையோடு நடுத்தெருவில் நின்றாள். அதைப் பார்த்த விக்னராஜா வீடு வீடாய் ஏறி இறங்கி, கெஞ்சி, வெருட்டி, எல்லா நிதியையும் ஒன்றாக்கினார். தொண்ணூற்றாறில் பலேர்மோவுக்கே ஒரே நிதி, ஒரே தலைவர்.

ஆனால் எங்கள் சனம் லேசில் ஒட்டுமா? தலைவர் தன் ஊரான் ஒருவனோடு கொஞ்சம் கூடச் சிரித்தாலே மற்ற ஊரார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குகனேஸ்வரியும் அவரைப் போலத் தீவுப்பக்கம்தான், அவருடைய ஊர்தான். அவளுக்காவது ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம் அந்தாள்!

பெண்கள் தலைவர் பதவிக்குக் கேட்கக் கூடாது என்று விதியில் ஒரு சொல் இல்லை. இப்படி ஒரு நாள் வருமென்று யார் கண்டது? கூட்டத்தில் வீட்டுக்கொரு வாக்கு. குகனேஸ்வரி வேலை முடிய முடிய வீடு வீடாய்ப் படியேறினாள்.

மன்னார் ஆக்களுக்குப் பெரியவர் அகஸ்ரின். அவர் கதவைத் திறந்தபடியே சொன்னார்: "சொந்த ஊர்ப் பெட்டையெண்டும் பாக்காமல் சந்தையிலை வைச்சு ஏசினவரெல்லே? எங்கடை ஆக்கள் முழுக்க உமக்குத்தான், பிள்ளை."

வடமராட்சி ஞானாம்பிகை அதற்கும் மேலே போனாள். "என்ரை மனிசனுக்குச் சொல்லிப்போட்டன். உனக்குக் கை உயர்த்தாட்டில் இனி அவர்தான் சமையல்."

சூடு கொஞ்சம் ஆறுகிற நேரமெல்லாம் விக்னராஜாவே வாயைத் திறந்து ஊதிவிட்டார். "பொம்பிளை கையிலை குடுத்தால் நிதி சீட்டுப்பிடிப்பாய்ப் போயிடும்" என்று கோயில் வாசலில் நின்று ஒரு போடு போட்டார். அன்றைக்கே இன்னும் பத்து வீடு குகனேஸ்வரி பக்கம் சாய்ந்தது. அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் அரைநாள் லீவு கிடைக்கிற வியாழன் பின்னேரம் கூட்டம். குகனேஸ்வரியின் பெயரைச் சொன்னதும் மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. மூன்று ஊராரும் ஒன்றாய்க் கை உயர்த்தியதை அன்றைக்குத்தான் சனம் கண்டது. விக்னராஜாவுக்கு உயர்ந்தது அவருடைய கை மட்டும்.

"இனி ஆம்பிளை, பொம்பிளை எல்லாருக்கும் காப்பு!" என்றாள் புதுத் தலைவி. கைதட்டு ஓய முதலே விக்னராஜா எழும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, காசுப்பெட்டியின் திறப்புச் சாவியை வாங்க அவள் கபோச் சந்தைப் பக்கம் இருந்த விக்னராஜா வீட்டுக்குப் போனாள். திறப்பு ஒரு சாட்டு. தோற்ற முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும்!

அவர் இல்லை. மனைவி நாகபூசணிதான் கதவைத் திறந்தாள். உள்ளே வரிசையாய்ப் பயணப் பெட்டிகள்.

"எங்கையக்கா பயணம்?"

"கனடாவுக்கு, மகனிட்டை. இனித் திரும்பி வாறேல்லை. விசா எப்பவோ வந்திட்டுது."

குகனேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப போறனெண்டு சொல்லியிருக்கலாமே! நான் ஏன் இந்தச் சண்டை பிடிச்சன்?"

"சொல்லியிருந்தால் அகஸ்ரின் தன்ரை ஆளை இறக்குவார், வடமராட்சியார் தங்கடை ஆளை இறக்குவினம். நிதி பழையபடி மூண்டாய்ப் பிரிஞ்சிடும். திரும்ப ஒருத்தி பிள்ளையோடை தெருவிலை நிப்பாள். உன்னட்டைக் குடுத்தால்தான் நிதி உடையாதெண்டு அவர் நினைச்சவர்."

"எனக்குக் கை உயர்த்துங்கோ எண்டு அண்ணை கேட்டிருக்கலாமே?"

"நல்ல கதை! தன்ரை ஊர்ப் பெட்டையை ஏத்துறான் எண்டு ஒரு கையும் உயர்ந்திராது. எங்கடை சனத்தை உனக்குத் தெரியாதே? அவரோடை கோவமெண்டால்தான் எல்லாரும் ஒண்டாய் நிப்பினம்."

குகனேஸ்வரி அந்தப் பயணப் பெட்டிகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அதுக்காக, அத்தினை பேருக்கு முன்னாலை அப்பிடி ஏச அவருக்கு எப்பிடியக்கா மனம் வந்தது?"

நாகபூசணி திறப்பை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அவருக்கு எங்கை வந்தது, பிள்ளை? கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு ஒரு கிழமையாய்ப் பழகியும் வாயிலை வரேல்லை. கடைசியிலை எல்லா ஏச்சும் நான்தான் சொல்லிக்குடுத்தனான்."