வேலியோர நீலப்பூ

பிலோமினாவின் பசு காலையில் வேலியோரம் மேய்ந்தது. உச்சிப்பொழுதுக்குள் கால் தடுமாறி விழுந்து செத்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், கொத்தமல்லித் தழைபோலப் பிளவுபட்ட இலைகளைக் காட்டினார்.

"நீலப்பூச் செடிம்மா. கருஞ்சீரகத்துக்குச் சொந்தம்தான். ஆனா இது விஷம்."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேலியோரம் போய்ப் பார்த்தாள். போன மழைக்கு முன் அங்கே இல்லாத செடிகள் பூத்து நின்றன. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் கூரிய வால் நீண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சூசை துக்கம் கேட்க அங்கேயே வந்தார். அவள் செடிகளைக் காட்டினாள்.

"இதை யாருண்ணே விதைச்சது?"

"காத்துல வந்திருக்கும் தங்கச்சி. பூதானே, அது என்ன செய்யும்?"

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த அவருடைய கன்றுக்குட்டி தலையை நீட்டி அந்தச் செடியில் வாய்வைத்தது. சூசை பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார். கன்றின் வாய்க்குள் விரல்களை விட்டு, இலைகளைத் தோண்டி எடுத்தார். பிலோமினா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.