பிரமிளா தலைக்கு நேர்ந்தது

புத்தூரில் பஸ் நின்றதும் ரத்தினம்மா ஏறினாள். ஏறியதும் ஏறாததுமாக அவள் கண் போய் நின்றது மருமகளின் பின்னலில்தான்.

பேசிய சரக்கு குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது என்று நினைத்துக்கொண்டாள் பிரமிளா. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்குகிற பின்னல். மத்தியானத்துக்குள் அது திருமலையில் சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். ஸ்ரீ சிட்டி ஃபாக்டரியில் மகன் தனசேகரின் வேலை பர்மனென்ட் ஆனால் மருமகள் தலையை மொட்டை போடுவதாக ரத்தினம்மா வேண்டிக்கொண்டாளாம். வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. பெருமாள் தன் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டார்.

சத்தியவேட்டு வாடகை வீட்டில் மூன்று மாசமாக இதே சண்டை.

"வேண்டிக்கினது உங்க அம்மா. வேல உங்குளுது. இதுல என் தல எங்க வந்துது? உங்க தலையக் குடுங்க."

தனசேகர் தலையைத் தடவிக்கொள்வான். நெற்றி உச்சிவரை ஏறியாகிவிட்டது. பெருமாளே இறங்கி வந்தாலும் அங்கே எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேங்க. என்னுத என்னைக் கேக்காம குடுத்தாங்க பாருங்க, அதான்."

"நீ சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். நானும் அம்மாகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். வேணாம்னா விட்டுடு, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்பான். தனசேகர் அப்படித்தான், யார் மனசும் நோகாமல் பேசுகிறவன். ஒரு வாரம் விட்டு வேறு பக்கமாக வருவான். "வேண்டுதல நிறைவேத்தலன்னா பாவம் அம்மாவுக்குத்தான் போவும். அறுபத்திரண்டு வயசு, சுகர் வேற."

அதில்தான் பிரமிளா விழுந்தாள். கேட்காமல் வாக்குக் கொடுத்தது மாமியார் செய்த தப்பு. தெரிந்தே ஒரு வயசானவள் மேல் பாவத்தை ஏற்றிவிட்டால் அது தன் தப்பாகிவிடும் என்று பட்டது. சரி என்றாள்.

மாமியாரோடு போன் பேசுவதை மட்டும் முதல் நாளே நிறுத்தியிருந்தாள். தலையைக் கொடுக்கலாம், முகத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்?

பஸ் புத்தூரைத் தாண்டியதும் ரத்தினம்மாவே நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, மூணு கத்தரி குடுத்தா போதாதா? நுனியில கொஞ்சம் வெட்டிக்குவாங்க, அவ்ளோதான். சாமி ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

வேண்டும்போது முழுசு, பஸ் ஏறியதும் தள்ளுபடியா? பிரமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொன்னது சொன்னதுதான் அத்தை. முழுசாவே குடுத்துடலாம்."

முன் சீட்டிலிருந்து தனசேகர் திரும்பி, "யாருக்காவது வேர்க்கடல வேணுமா?" என்றான்.

மொட்டை போடும் கல்யாண கட்டாவில் பெண்களுக்குத் தனி இடம். தனசேகர் வெளியே நின்றுகொண்டான். பிளேடை மாட்டிய அம்மாள் பிரமிளாவின் முடியை ஒரு தரம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சம்மதம் கேட்டாள்.

"இஷ்டமே கதம்மா?"

இந்த விஷயத்தில் அவளைக் கேட்டுவிட்டுக் கை வைத்த முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

"இஷ்டமே" என்று பிரமிளா குனிந்தாள். ஈரத் தலையில் பிளேடு இறங்கியது. இருபது வருஷமாக வளர்த்ததற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலை காற்றுப் பட்டுக் குளிர்ந்தபோதும் அவள் அழவில்லை.

எழுந்து திரும்பினால், ரத்தினம்மா அழுதுகொண்டிருந்தாள். பார்க்கப் பிரமிளாவுக்குக் கொஞ்சம் இனித்தது என்றே சொல்ல வேண்டும். மாமியார் முந்தானையை எடுத்து அவள் தலையில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை தலையில் பட்டதும் பிரமிளாவின் கோபம் இளகிப்போயிற்று.

"அழாதீங்க அத்தை. உங்க வேண்டுதல் முடிஞ்சிது. இனிமே உங்குளுக்கு ஒரு பாவமும் இல்ல."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என் வேண்டுதலா? நீ வேண்டிக்கினதாத்தானம்மா அவன் சொன்னான்."