பழுது பார்க்கக் கூடாத மைல்

"இந்த ரோட்டை எப்பதான் சரி பண்ணுவீங்க?"

"பண்ண மாட்டோம் மேடம். சரி பண்ணாம விடறதுதான் எங்க வேலையே."

பத்து வருடங்களுக்கு முன், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சிற்றூர் ஒன்றில், ஆர்லிஸ் கோபெக்கியின் காபிக் கடையில் நடந்த பேச்சு அது. மாநிலச் சாலைத் துறைப் பொறியாளர் வெண்டல் நைக்விஸ்டுக்கு அதில் ஒரு வார்த்தைகூட இன்னும் மறக்கவில்லை.

அன்று அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். எல்லா மாநிலங்களும் தங்கள் சாலைப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் போட்டு நடத்தும் ஆராய்ச்சி இது. நாடு முழுக்கத் துண்டு துண்டாகச் சாலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் பழுது பார்த்து, எது அதிக நாள் உழைக்கிறது என்று இருபது வருடம் அளப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டைத் தொடாமலே விட வேண்டும். அப்படி விடப்பட்ட மைல், ஆர்லிஸின் கடை வாசலில் ஓடியது.

"எங்கேயோ இருக்கறவங்க சொகுசாப் போக நாங்க குலுங்கணுமா? நான் புகார் பண்ணுவேன்."

வெண்டல் அவள் வைத்த ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியை ஒரு கடி கடித்தார். மென்றபடியே சற்று யோசித்தார்.

"தாராளமா பண்ணுங்க. புகார் வந்தா நான் நேர்ல வந்து பார்த்தாகணும். விதி அப்படி."

அவள் சொன்னதைச் செய்தாள். பனி உருகினால் விரிசல் என்று புகார். அறுவடைக் காலத்தில் சோள லாரிகள் போகும்போது கோப்பைகள் ஆடுகின்றன என்று புகார். ஒருமுறை ஒரு முழு ஆப்பிள் கேக் அலமாரியிலிருந்து நகர்ந்து விழுந்துவிட்டது என்றுகூடப் புகார் வந்தது. ஒவ்வொரு தடவையும் வெண்டல் தலைநகர் லிங்கனிலிருந்து அரை நாள் வண்டி ஓட்டி வருவார். சாலையில் மண்டியிட்டு விரிசலைப் பார்ப்பார். பிறகு கடைக்குள் வந்து உட்காருவார். அவள் திட்டுவாள், அவர் சாப்பிடுவார். அவருக்கு மனைவி இல்லை. அவள் கணவனை இழந்து வெகு காலம் ஆகியிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

இன்று அந்த மைலின் தலையெழுத்தை முடிவு செய்ய, மாநிலச் சாலைக் குழு அந்த ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்திலேயே கூடியிருந்தது. கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை போட்டு ஐந்து உறுப்பினர்கள். தலைவர் ஹார்லன் பேட்ஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பங்கை நிறுத்திவிட்டு, கோடைக்குள் இந்த மைலுக்குப் புதுத் தார் போடலாம் என்பது அவர் கருத்து.

வெண்டல் மன்றாடிப் பார்த்தார். இந்த மாநிலம் விலகினால் பக்கத்து மாநிலங்களும் விலகும், பாதி அளந்த அளவு யாருக்கும் உதவாது என்றார். ஊர்க்காரர்கள் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து டுவேன் என்ற பண்ணைக்காரர், "இந்த மைலைத் தாண்டறதுக்குள்ள என் பால் லாரியில பால் வெண்ணெய் ஆயிடுது சார்" என்றார். கூடமே சிரித்தது.

வெண்டல் உட்கார்ந்தார். திட்டம் போனால் பத்து வருட உழைப்பு போகும். இந்த ஊருக்கு வர இனி அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.

"நம்ம முக்கியமான சாட்சியைக் கேட்டுடலாம்" என்றார் பேட்ஸ். "இந்த ரோட்டைப் பத்தி இவங்களை விட அதிகமாப் புகார் சொன்னவங்க மாநிலத்துலயே கிடையாது. வாங்க, மிஸஸ் கோபெக்கி."

ஆர்லிஸ் எழுந்தாள். தேவாலயத்துக்கு மட்டும் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். வெண்டல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"தார் போடாதீங்க" என்றாள் அவள்.

பேட்ஸ் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல முன்னால் குனிந்தார்.

"இவரோட ஆராய்ச்சி எனக்குப் புரியாது. ஆனா பத்து வருஷம் குலுங்கியாச்சு. இப்ப மூடிட்டா நாங்க குலுங்கினதெல்லாம் வீண். இன்னும் பத்து வருஷம் குலுங்கறோம். அதுக்கு ஒரு பலன் கிடைக்கட்டும்." பின்னால் திரும்பினாள். "டுவேன், உனக்கு வெண்ணெய் சும்மா கிடைக்குதுல்ல, வாயை மூடிட்டு இரு."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. டுவேனும் சிரித்தார். வாக்கெடுப்பில் மூன்று கைகள் ஆராய்ச்சிக்காக உயர்ந்தன. பங்கு தொடரும், மைல் அப்படியே இருக்கும் என்று பேட்ஸ் வேண்டா வெறுப்பாக அறிவித்தார். ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை.

"அப்புறம் எதுக்கும்மா இத்தனை வருஷம் புகார் மேல புகார்?"

ஆர்லிஸ் கையுறைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"புகார் பண்ணாத்தானே இவர் வருவார். விதி அப்படியாம்."

பேட்ஸ் வெண்டல் பக்கம் திரும்பி, அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டார்.

வெண்டல் எழுந்தார். முகம் காது நுனிவரை சிவந்திருந்தது.

"கிடையாதுங்க. போன்ல பேசினாலே போதும். அன்னிக்கு இவங்க கடையில உட்கார்ந்து நானா உண்டாக்கின விதி அது."

பிறகு, முதல் முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஆர்லிஸ், இனிமே புகார் இல்லாமலே வரட்டுமா?"